வரப்புக் கட்சி

"அண்ணே வணக்கம். போன மாசம் அஸ்தம்பட்டில பொண்ணு பார்க்கப் போனோம். பொண்ணோட மாமா 'மாப்ள கட்சிக்காரரா?'ன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்கப்பா 'ச்சேச்சே, சும்மா அனுதாபிங்க'ன்னுட்டாரு. எங்கிட்ட பத்து வருசமா உறுப்பினர் கார்டு இருக்கு. தொண்டன், ஆதரவாளர், அனுதாபி, கட்சிக்காரன், இதுல நான் யாருண்ணே?"

தம்பி,

கார்டு இருந்தா உறுப்பினர், இதுல என்ன சந்தேகம். தொண்டன், ஆதரவாளரெல்லாம் மைக் புடிச்சவங்க வச்ச பேரு, விடுங்க. அனுதாபி மட்டும் எனக்கு ஆகவே ஆகாது, எழவு வீட்டு வாசம் அடிக்குது. கட்சி என்ன செத்தா போச்சு?

கட்சிக்காரன்ங்கறத வசவு மாதிரி ஆக்கிட்டாங்களேன்னு கொஞ்ச நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு, கரெக்டா உங்க லெட்டர் வருது. எங்க தாத்தா சேலம் கோர்ட்டுல ஒரு வக்கீலுக்கு குமாஸ்தா. வக்கீலுங்க பாஷைல கேஸ் குடுக்க வர்றவருதான் கட்சிக்காரர், கன்னடத்துலயும் கக்ஷிதார்னுதான் சொல்லுவாங்க. ஏழு வயசுல எனக்கு இதெல்லாம் எங்க தெரியும், 'கட்சிக்காரர் வந்திருக்காரு, தண்ணி குடு'ன்னு தாத்தா சொன்னதும் சொம்ப எடுத்துட்டுப் போயி, திண்ணைல பத்திரக் கட்டோட உக்காந்திருந்த பெரியவர்கிட்ட நீங்க உதயசூரியனா ரெட்டை எலையான்னு கேட்டுட்டேன். மனுசன் சிரிக்கல. தண்ணிய முழுசாக் குடிச்சுட்டு 'நான் வரப்புக் கட்சி சாமி'ன்னாரு. முக்கா அடி வரப்புக்கு ஓமலூர்ல இருந்து பதினோரு வருசமா பஸ் ஏறி வர்றவராம். தன் பக்கம் எதுன்னு சொல்ல அவருக்குக் கூச்சமே இல்ல. உங்க வீட்டுல மட்டும் ஏன் தம்பி இந்தக் கூச்சம்?

அதுவும் சேலத்துல இருந்துகிட்டு! 1944 ஆகஸ்ட் 27 இங்கதான நீதிக்கட்சி திராவிடர் கழகம்னு பேரு மாறுச்சு? அதே மாநாட்டுலதான் வெள்ளக்காரன் குடுத்த ராவ் பகதூர் பட்டமெல்லாம் வேணாம், விட்டுருங்கன்னு அண்ணா தீர்மானம் கொண்டாந்தாரு. பட்டத்த விட மனசு வராதவங்க ஒதுங்கிக்கிட்டாங்க. ராவ் பகதூர்னு போர்டு மாட்டக் கூச்சப்படாத ஊரு தம்பி இது, கட்சிக்காரன்னு சொல்லத்தான் அப்பாவுக்கு நாக்கு தடுக்குதா? அவரத் திட்டாதீங்க, மகனுக்கு நல்ல எடம் அமையணுமேங்கற பயம் அவருக்கு. ஆனா பக்கத்துல நீங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க பாருங்க, அதுக்கு உங்கள நாலு போடணும்.

அதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? அத எழுதவே இல்லையே நீங்க.