கிராம சபையில் தீர்மானம் போட்டால் மனைக்கு அப்ரூவல் கிடைத்துவிடுமா?

கேள்வி: 2014-ல் ஊராட்சி எல்லையில் 1,200 சதுர அடி மனை வாங்கினேன். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது வீடு கட்ட அனுமதி கேட்டால் தர மறுக்கிறார்கள். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு மனையை ரெகுலர் பண்ணித் தருவதாக ஒரு புரோக்கர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

கிராம சபையில் சாலை, தெருவிளக்கு, ஊராட்சியின் வரவு செலவு எல்லாவற்றையும் கேட்கலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது அதன் வேலை அல்ல; அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின் வேலை. சென்னைப் பெருநகர் எல்லைக்குள் என்றால் அது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சி.எம்.டி.ஏ.யின் வேலை. லே-அவுட்டுக்கு அனுமதி இருந்தால், அதில் கட்டும் வீட்டு பிளானுக்கு ஊராட்சி கையெழுத்துப் போடும். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் இத்தனை வருஷமாக 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் வியாபாரம் நடந்தது.

என்னிடம் ஒருவர் அப்படியொரு தீர்மான நகலைக் கொண்டுவந்தார். ரப்பர் ஸ்டாம்பு, பச்சை மையில் கையெழுத்து, 'மேற்படி மனைகளை அங்கீகரிக்கலாம்' என்று ஒரே ஒரு வரி. அதற்காக நகையை அடகு வைத்திருந்தார். அந்தக் கூட்டத்துக்கே கோரம் இருந்ததா என்பது சந்தேகம். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வர வேண்டும். பல ஊர்களில் கையெழுத்து நோட்டுதான் வீடு வீடாகப் போகிறது!

உங்கள் பத்திரம் 2014-ல் பதிவானதால் வழி இருக்கிறது. 2017-ல் வந்த வரன்முறை விதிகள், அதாவது அனுமதியில்லாத மனைகளை ரெகுலர் பண்ணும் விதிகள், 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளுக்குப் பொருந்தும். முதலில் மொத்த மனைப்பிரிவின் வரைபடத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் வாங்க வேண்டும். அப்புறம்தான் தனி மனைக்கு உத்தரவு. உங்கள் லே-அவுட்டில் வேறு யாராவது ஏற்கெனவே உத்தரவு வாங்கியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். வாங்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது. விண்ணப்பத்துக்கான காலக்கெடுவை மூடுவதும் நீட்டிப்பதுமாக எத்தனை அரசாணை வந்தது என்று எனக்கே கணக்கு விட்டுப்போனது. இப்போதைய நிலவரத்தை மாவட்ட டி.டி.சி.பி. அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பணத்தை அரசுக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள்.

இன்னொரு பொறி: 20.10.2016-க்கு முன்பே பதிவான, அனுமதியில்லாத மனையை யாராவது மறுபடி விற்றால், சார்பதிவாளர் பதிவு செய்துவிடுவார். 'பதிவே ஆகிவிட்டது, இனி என்ன அப்ரூவல்' என்று அடுத்தவர் தலையில் கட்டுவார்கள். பதிவு வேறு, அனுமதி வேறு.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வாய்க்கால். நீர்நிலையிலோ, ஓடை, வாய்க்காலிலோ, நீர் ஓடும் வழியை அடைத்தோ மனை இருந்தால் வரன்முறை கிடையாது. பத்திரம் இருந்தாலும் கிடையாது, பட்டா இருந்தாலும் கிடையாது, பத்து வருஷமாக வரி கட்டியிருந்தாலும் கிடையாது. இணையத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு அ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் வரைபடம்) எடுங்கள். பக்கத்து எண்களையும் பாருங்கள். 'ஓடை', 'வாய்க்கால்' என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். வாய்க்கால் உங்கள் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் முடிகிறதா, உள்ளே வருகிறதா என்பதைச் சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கனமழைக்குப் பிறகு போனால் தெரியும்.

அக்டோபர் 2-ஆம் தேதி கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் லே-அவுட்டின் சாலைக்கும் வடிகாலுக்கும் மனு கொடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். புரோக்கர் ஒரிஜினல் பத்திரத்தைக் கேட்டால் மட்டும் தராதீர்கள். ஜெராக்ஸ்கூட வேண்டாம்.