இடம் கிடைத்தும் கல்லூரிக்குப் போகாத பிள்ளைகள்

கேள்வி: வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். மதிப்பெண் நன்றாகவே வருகிறது. ஆனால் இடம் கிடைத்தும் சிலர் சேருவதில்லை. சேர்ந்தவர்களில் சிலர் முதல் பருவத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கே கோட்டை விடுகிறோம்?

பதில்: உங்கள் வகுப்பு தேர்வோடு முடிகிறது, சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பள்ளி கையை விட்டு, கல்லூரி இன்னும் கைகொடுக்காத அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் பிள்ளைகள் நழுவுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு ‘சம்மர் மெல்ட்’ (கோடையில் கரைந்துபோவது) என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் அங்கே சோதித்தபோது, விடுமுறையில் அனுப்பிய 8, 10 நினைவூட்டல் குறுஞ்செய்திகளாலேயே சில ஊர்களில் சேர்க்கை கூடியது. ஆகவே வகுப்பை முதல் பருவம் முடியும்வரை நீட்டுங்கள். ஊக்க உரைகளில் ஒன்றிரண்டைக் குறைத்தால் அதற்கு நேரம் கிடைக்கும்.

முதலில் கைபேசி எண்ணைப் பாருங்கள். விண்ணப்பத்தில் கணினி மையக்காரர் எண்ணோ, அண்ணன் எண்ணோ இருக்கும். ஓடிபி அங்கே போகும். ‘மூன்று நாளில் இடத்தை உறுதி செய்க’ என்ற செய்தியும் அங்கேதான் போகும். மாணவர் பெயரில் ஒரு மின்னஞ்சல், ரீசார்ஜ் விட்டுப்போகாத ஓர் எண், கடவுச்சொல் எழுதிவைக்க ஒரு நோட்டு: இவை விண்ணப்பத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அடுத்து, எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரின் எழுத்துக்கூட்டலும் பிறந்த தேதியும் ஒன்றா என்று வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். திருத்தம் வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். தேர்வு முடிவு வந்தபின் தொடங்கினால் கதைக்கு ஆகாது.

பணத்தில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உதவித்தொகை உறுதியாகிவிடும், கைக்கு வருவதோ பல மாதம் கழித்து. அதற்குள் கட்டணம், முன்பணம், பயணம், புத்தகம் எல்லாம் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதியில் எவ்வளவு வரும். பிள்ளை வேலைக்குப் போய்க் கொண்டுவந்த சம்பளம் நிற்பதையும் செலவுப் பத்தியில் எழுதுங்கள். வீட்டார் வெளியே சொல்லாத கணக்கு அதுதான். இடையில் விழும் பள்ளத்துக்குத் தவணை கேட்பதா, கைமாற்று வாங்குவதா என்று பெற்றோரையும் உட்கார வைத்து அப்போதே பேசிவிடுங்கள்.

முதல் பருவத்தில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் உதவி கேட்கத் தயங்குகிறவர்கள். ‘புரியவில்லை என்று சொன்னால் எனக்கு இங்கே தகுதியில்லை என்று நினைத்துவிடுவார்கள்’ என்பது அவர்கள் பயம். பேராசிரியருக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுத இப்போதே பழக்குங்கள்: பெயர், வகுப்பு, எந்தப் பாடத்தில் எந்த இடம் புரியவில்லை, எப்போது வந்து பார்க்கலாம். வருகைப்பதிவு எவ்வளவு குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள் என்பதையும் சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வைக்கட்டும். பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே ஷிப்டுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நேர்காணல் பயிற்சி, பயோடேட்டா எல்லாம் இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் போதும்.