வாசகர் கேள்வி – பதில்: மேல்மாடி ஒன்றே போதும்

கேள்வி: படியேறுவதில் உலகப் போட்டிகள் நடக்கின்றனவாமே? எங்கள் ஊரிலோ மலையும் இல்லை, உயர்ந்த கட்டடமும் இல்லை. நாற்பதைக் கடந்த நான் அலுவலக மேல்மாடிப் படிகளில் பயிற்சி செய்தால் பயன் உண்டா? முழங்காலுக்குக் கேடு வராதா? – வாசகி, கிளிநொச்சி

பதில்: போட்டிகள் நடப்பது உண்மைதான். நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய ஓட்டத்தில், 86ஆம் மாடிவரை 1,576 படிகளை ஏற வேண்டும்; அவுஸ்திரேலியரான போல் கிரேக் 2003இல் அதனை 9 நிமிடம் 33 செக்கனில் ஏறி முடித்தார். கட்டடம் உயரமாக இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இருபது படிகள் கொண்ட உங்கள் மேல்மாடிக்கு 79 தடவை ஏறினால் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடுவீர்கள். ஒவ்வொரு படியிலும் உடலின் முழுப் பாரத்தையும் தொடைகளும் பிட்டத் தசைகளும் மேலே தூக்குவதால், சமதரையில் நடப்பதைவிட மிக விரைவாக மூச்சு வாங்கும். நேரம் கிடைக்காத பெண்களுக்கு இதைவிடச் சிக்கனமான பயிற்சி இல்லை என்பதே என் கருத்து.

இதன் பயன் நெடுங்காலமாக அறியப்பட்டதே. பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் ஜெரி மொறிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், லண்டன் இரட்டைத் தட்டு பஸ்களில் நாள் முழுவதும் ஏறி இறங்கிய நடத்துனர்களுக்கு, அமர்ந்தே வேலை செய்த சாரதிகளைவிட மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது.

முழங்காலைப் பொறுத்தவரை ஏறும்போதிருப்பதைவிட இறங்கும்போதே கூடுதல் கவனம் வேண்டும். இறங்குகையில் தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குவதால் மறுநாள் உளைவு எடுக்கும், முழங்காற் சில்லின் பின்புறமும் அழுத்தப்படும். ஆகவே ஏறும்போது பாதம் முழுவதையும் படியில் ஊன்றி, இறங்கும்போது கைபிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்குங்கள். மாரி காலத்தில் சாரல் பட்ட சீமெந்துப் படி வழுக்கும் என்பதால் அந்த நாட்களில் தவிர்த்துவிடுங்கள். முதல் வாரங்களில் ஐந்தாறு தடவை போதும். பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினால் சமதரையில் நடந்து ஆறிய பின் தொடருங்கள். பிரசர், நீரிழிவு, முன்னரே முழங்கால் வலி ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்பதும், நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்வதும் அவசியம்.