4558-ஐக் கழற்றி 5532 போடலாமா? ஆப்-ஆம்ப் மாற்றுவது பற்றிக் கேள்வி பதில்

ஒரே மாதிரியான கேள்விகள் நிறைய வந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஆப்-ஆம்ப் என்பது ஆடியோ சிக்னலைப் பெருக்கும் சின்ன ஐசி; 4558, 5532 எல்லாம் அதன் மாடல் எண்கள்.

அண்ணா, 5.1 அசெம்பிள்டு ஆம்ப். பேஸ்-ட்ரெபிள் போர்டில் இருந்த நாலு 4558-ஐயும் எடுத்துவிட்டு 5532 போட்டேன். இப்போ ஹம் வருது, கொஞ்சம் கூட்டினாலே பாட்டு உடையுது. டூப்ளிகேட் ஐசியா?

ஐசியைக் குறை சொல்லும் முன் மீட்டரை எடுங்கள் தம்பி. கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து 8-ம் காலில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள், அப்புறம் 4-ம் காலிலும் பாருங்கள். பிளஸ் 12, மைனஸ் 12 வர வேண்டும். உங்களுக்கு 7 அல்லது 8 தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதே போர்டு, இதே கோளாறு என் மேசைக்கும் வந்திருக்கிறது. இந்த போர்டுகளில் பவர் ஆம்புக்குப் போகும் 35 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டரும் ஒரு ஜீனரும் (வோல்ட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் டயோடு) வைத்து 12 ஆக்கியிருப்பார்கள். ரெசிஸ்டர் 1 கே என்றால் அதில் விழுவது 23 வோல்ட், அதாவது கிடைக்கும் கரண்ட் மொத்தமே 23 மில்லி ஆம்பியர். ஒரு 4558 சும்மா இருக்கும்போது சுமார் 3 மில்லி ஆம்பியர் எடுக்கும், நாலுக்கு 12, பிரச்சினையே இல்லை. 5532 ஒன்றே 8 எடுக்கும். நாலு போட்டால் 32, அவ்வளவு அங்கே இல்லை. ஜீனர் வேலை செய்வதை நிறுத்திவிடும், வோல்ட் இறங்கிவிடும், 35 வோல்ட் லைனில் இருக்கும் ஹம் நேராக ப்ரீஆம்புக்குள், அதாவது பவர் ஆம்புக்கு முன்னால் இருக்கும் இந்த டோன் போர்டுக்குள் வந்துவிடும்.

1 கே-யை எடுத்துவிட்டு 560 ஓம்ஸ், 2 வாட் போடுங்கள், பிளஸ் பக்கம் ஒன்று, மைனஸ் பக்கம் ஒன்று. ஜீனர் 1 வாட் தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ரெசிஸ்டர் ஒரு வாட்டுக்குப் பக்கமாகச் சூடாகும், போர்டை ஒட்டாமல் கொஞ்சம் தூக்கிப் பற்ற வையுங்கள்.

சார், அவ்வளவு செய்து மாற்றினால் காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

டோன் போர்டில் பெரிதாகத் தெரியாது. 4558 வேகம் இல்லாத ஐசி என்று எல்லோரும் சொல்வார்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 வோல்ட் சிக்னல் 20 கிலோஹெர்ட்ஸில் போனால்கூடத் தேவைப்படும் வேகம் மைக்ரோ செகண்டுக்கு 0.36 வோல்ட் தான், 4558 ஒரு வோல்ட்டுக்கு மேலேயே தரும். இரைச்சலும் அப்படித்தான். எல்எம்4562 என்ற இரைச்சல் குறைந்த ஆப்-ஆம்ப் என்றால் 2.7 நானோவோல்ட் என்று டேட்டாஷீட்டில் பார்த்து ஆசைப்படுகிறோம், ஆனால் சிக்னல் வழியில் நிற்கும் ஒரு 10 கே ரெசிஸ்டர் தானாகவே 13 நானோவோல்ட் இரைச்சல் போடுகிறது. ஐசியை எவ்வளவு அமைதியாக்கினாலும் அது குறையாது. மைக் ப்ரீஆம்ப், ரெக்கார்டு பிளேயரின் ஃபோனோ ஸ்டேஜ், இந்த மாதிரி சின்ன சிக்னலை நூறு மடங்கு பெருக்கும் இடத்தில் நல்ல ஐசி போடுங்கள், அங்கே நிஜமாகவே உஸ்ஸென்ற சத்தம் குறைவது கேட்கும்.

டிஎல்072 இருந்த இடத்தில் 5532 போட்டதிலிருந்து வால்யூம் திருகினால் கரகர என்கிறது. கண்ட்ரோல் புதுசு.

கண்ட்ரோல் மேல் தப்பில்லை. 072 ஃபெட் இன்புட், அதன் காலுக்குள் போகும் கரண்ட் இல்லை என்றே சொல்லலாம். 5532-க்கு சாதாரணமாகச் சுமார் 200 நானோ ஆம்பியர் வேண்டும். 100 கே வழியாக அது வந்தால் 20 மில்லிவோல்ட் டிசி அங்கே உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் திருகத் திருக அந்த டிசி மாறுவதுதான் கரகர. கண்ட்ரோலின் நடுக் காலுக்கும் ஐசிக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டரும், ஐசி பக்கத்தில் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டரும் போட்டால் போய்விடும். இல்லையா, ஃபெட் இன்புட் உள்ள ஓபிஏ2134 போடுங்கள்.

ஓபிஏ627 ஆன்லைனில் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது ப்ரோ, வாங்கவா?

வேண்டாம். அசல் ஒன்றே ஆயிரக்கணக்கில் வரும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம்: 2-ம் காலையும் 6-ம் காலையும் சேர்த்துவிட்டு, 3-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெக் ரெசிஸ்டர் போட்டு, 6-ல் டிசி பாருங்கள். நிஜமான ஃபெட் ஐசி என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம். 0.2 வோல்ட் மாதிரி ஏதாவது நின்றால் உள்ளே இருப்பது 5532 மாதிரி காலுக்குள் கரண்ட் இழுக்கும் சாதாரண பைபோலார், மேலே பெயரை மட்டும் மாற்றி அடித்திருக்கிறார்கள். அப்புறம் அது சிங்கிள் ஐசி (உள்ளே ஒரே ஒரு ஆம்ப்), 4558 மாதிரி டூயல் (உள்ளே இரண்டு) இருக்கும் ஐசி பேஸில், அதாவது சாக்கெட்டில், நேராகச் செருகக் கூடாது, கால்களே வேறு.

எல்எம்4562 போட்டதும் சத்தம் நல்லா ஓப்பன் ஆயிடுச்சு, ஆனால் தொட முடியாத அளவு சுடுது.

உடனே ஆஃப் செய்யுங்கள். அது ஆசிலேட் ஆகிறது. 55 மெகாஹெர்ட்ஸ் ஐசியை 3 மெகாஹெர்ட்ஸ் ஐசிக்காகப் போட்ட போர்டில் வைத்திருக்கிறீர்கள், நம் காதுக்கு எட்டாத உயரத்தில் அது தானாகவே கத்திக்கொண்டிருக்கிறது. ட்வீட்டர் கருகிப்போக இது போதும். 4-க்கும் 8-க்கும் நடுவே, போர்டின் பின்பக்கம் கால் மேலேயே, ஒரு 100 நானோ செராமிக் பற்ற வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, 5532-கூட 30 வோல்ட்டில் கால் வாட் அளவுக்குச் சூடாகும். விரலை வைக்க முடியாத சூடு கூடாது. செராமிக் போட்டும் சுட்டால் பழைய ஐசியையே திரும்பப் போட்டுவிடுங்கள்.

நாமே செய்துகொள்ளும் ஓ2 ஹெட்ஃபோன் ஆம்பில் கடைசியில் இருக்கும் 4556-க்குப் பதில் ஓபிஏ2134 போடலாமா?

கூடாது. 2011-ல் வந்த அந்த டிசைனில் 4556 இருப்பதே அது 70 மில்லி ஆம்பியர் தள்ளும் என்பதால்தான், அதிலும் ஒரு சேனலுக்கு இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். 2134 அவ்வளவு கரண்ட் தள்ளாது.

போர்டில் பேஸ் இல்லை, நேராகப் பற்ற வைத்திருக்கிறார்கள். ட்ராக் பிய்ந்துவிடுமோ என்று பயம்.

ஐசியைக் காப்பாற்ற நினைத்தால்தான் ட்ராக் பிய்யும். சின்ன கட்டரால் எட்டுக் கால்களையும் உடம்போடு ஒட்ட வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடு காட்டி உருவுங்கள். அந்த இடத்தில் உருண்டைத் துளை உள்ள ஐசி பேஸ் போடுங்கள், தகடு பேஸ் நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் லூசாகிவிடும்.

மாற்றியதில் வித்தியாசம் நிஜமா, மனசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கேட்டதற்கு ரொம்ப நன்றி. கழற்றி மாட்டி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பதில் ஒன்றும் தெரியாது, காதின் ஞாபகம் அவ்வளவு நேரம் நிற்காது. இடது, வலது சேனலுக்குத் தனித்தனி ஐசி இருக்கும் போர்டு என்றால் இடதில் பழையது, வலதில் புதியது போடுங்கள். இரண்டுக்கும் ஒரே மோனோ சிக்னல் கொடுங்கள். 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு இரண்டு அவுட்புட்டையும் மீட்டரில் அளந்து சமமாக்குங்கள். 2 வோல்ட் என்றால் வித்தியாசம் 0.02-க்குள் இருக்க வேண்டும், இதுதான் முக்கியம், கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருப்பது நமக்கு எப்போதும் "நல்ல ஒலி" என்றுதான் படும். இரண்டு அவுட்புட்டையும் ஒரு ஸ்விட்சில் கொடுத்து அதே ஒரு ஸ்பீக்கரில் கேளுங்கள், எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் யாராவது பத்துத் தடவை மாற்றட்டும். வெறும் ஊகத்தில் பத்துக்கு ஒன்பதோ பத்தோ சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். உங்களுக்கு வந்தால் போர்டின் போட்டோவும் இரண்டு ஐசியின் காலில் அளந்த வோல்ட்டும் அனுப்புங்கள், எதனால் என்று சேர்ந்து தேடுவோம்.