எத்தனை வண்டி என்று எண்ணாதீர்கள், எத்தனை பேர் என்று எண்ணுங்கள்: நகரப் போக்குவரத்து கேள்வி பதில்

கேள்வி: சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்கிறார்களே ஐயா, உண்மையா?

கொஞ்ச காலம் தீர்ந்த மாதிரி தெரியும். அப்புறம், இதுவரை பேருந்தில் போனவர் சொந்த வண்டியை எடுப்பார். இன்னொருவர் ஊருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு போவார். சில வருடங்களில் அகலமான சாலையும் நிரம்பிவிடும். சிக்னல்கள் உள்ள நகரச் சாலையில் ஒரு தடத்தில் மணிக்கு ஆயிரம் கார் போவதே பெரிது; காருக்கு ஒன்றிரண்டு பேர். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய, பேருந்துகளுக்கென்றே தனித் தடம் ஒதுக்கிய டிரான்ஸ்மிலேனியோ பேருந்துச் சேவை, நெரிசல் மிகுந்த பாதையில், திசைக்கு இரண்டு தடங்களை வைத்துக்கொண்டே மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது.

கேள்வி: தனித் தடம் போட்ட பிறகும் சில இடங்களில் பேருந்து ஊர்ந்துதான் போகிறது. ஏன் சார்?

ஏதாவது ஒரு நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். உயரமான படி. கைப்பையோடு ஒரு பாட்டி கம்பியைப் பிடித்து ஏறுகிறார். பின்னால் இருப்பவர் சில்லறை தேடுகிறார். ஆளுக்கு மூன்று விநாடி என்றாலும் இருபது பேர் ஏற ஒரு நிமிடம் போய்விடும். இப்படி முப்பது நிறுத்தம் இருந்தால் அரை மணி நேரம் போச்சு! பிரேசிலின் குரிச்சிபா 1974-லேயே தனித் தடம் போட்ட ஊர். அங்கே 1991-ல் குழாய் வடிவ நிறுத்தங்கள் வந்தன. கட்டணத்தை உள்ளே நுழையும்போதே கட்டிவிடலாம், மேடையும் பேருந்தின் தரையும் ஒரே மட்டம். தடத்துக்குச் செலவழிக்கும் நகராட்சிகள் நிறுத்தத்தில் கஞ்சத்தனம் காட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

கேள்வி: தனியார் மினி வேன்கள் தாறுமாறாக ஓடுகின்றன. மொத்தமாகத் தடை செய்தால் என்ன?

ஓட்டுநரின் நாளைப் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்கும்போதே, உரிமையாளருக்கு மாலையில் இவ்வளவு தர வேண்டும் என்று பேச்சு. எரிபொருள் அவர் செலவு. மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. அதனால் வண்டி நிறையும்வரை நகரமாட்டார். நிறைந்ததும் அடுத்த கூட்டத்தைப் பிடிக்கப் பறப்பார். அவர் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, வருமான முறையை மாற்ற வேண்டும்: உரிமையாளருக்கு வண்டி ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ற பணம், ஓட்டுநருக்கு மாதச் சம்பளம். பழைய வண்டியைக் கழிக்க உரிமையாளர்களுக்குத் தவணைக் கடன் தரும் முறையை செனகலின் டக்கார் செய்து காட்டியது. சிலியின் சாண்டியாகோவில் 2007 பிப்ரவரியில் பழைய வழித்தடங்களை ஒரே நாளில் மாற்றினார்கள். போதிய பேருந்து இல்லாமல் மக்கள் தவித்துப்போனார்கள். ஆகவே, படிப்படியாக.

கேள்வி: மின்சாரப் பேருந்து வந்தால் எல்லாம் சரியாகுமா?

புகை குறையும், சத்தம் குறையும். சீனாவின் ஷென்சென் 2017 முடிவுக்குள் 16,000-க்கும் அதிகமான பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியது. ஆனால் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மின்சாரப் பேருந்தும் நின்றுதான் போகும். முதலில் தடம், பிறகு பேட்டரி.

கேள்வி: நடப்பவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே ஐயா?

இதை முதல் கேள்வியாகவே கேட்டிருக்கலாம். வளரும் நாடுகளின் நகரங்களில் ஏழைகள் பெரும்பாலும் நடந்துதான் வேலைக்குப் போகிறார்கள். நடைபாதை முழங்கால் உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் இறங்கி ஏற வேண்டும். நடுவில் ஒரு மின்கம்பம், அதை ஒட்டி நிறுத்திய பைக். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா நாலு அடி நடந்துவிட்டுச் சாலையில் இறங்கிவிடுவார். பேருந்தில் வருபவரும் நிறுத்தம்வரை நடந்துதான் வர வேண்டும். நடைபாதை சரியில்லாத ஊரில் பேருந்துக்குப் போட்ட பணமும் பாதி வீண்.

கேள்வி: எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் எங்கே தொடங்குவது?

உங்கள் பகுதியில் ஒரு சந்திப்பைத் தேர்ந்தெடுங்கள். காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை மூன்று பேர் நில்லுங்கள். ஒருவர் கார், பைக்கில் போகிறவர்களை எண்ணட்டும், ஒருவர் பேருந்தில் போகிறவர்களை, ஒருவர் நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும். பக்கத்திலேயே ஒவ்வொரு பிரிவினருக்கும் சாலையில் எத்தனை அடி அகலம் கிடைக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அந்த ஒரு தாளை உங்கள் வார்டு உறுப்பினரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.