பிளேட்டும் கேசட்டும் – கடிதம்

அன்புள்ள அம்மா,

என் தாத்தாவின் பெட்டியில் 38 கிராமபோன் பிளேட்டுகள் கிடைத்தன. தியாகராஜ பாகவதர், கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா என்று அந்தக் கால நாடக மேடைப் பாடகர்கள் பாடியதெல்லாம் இருக்கிறது. ஒன்றை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாகிவிட்டது, தட்டில் பளபளப்பும் போய்விட்டது. எப்படித்தான் சுத்தம் செய்வது? என்ன விலைக்குப் போகும்? கூடவே அவர் ரேடியோவிலிருந்து பதிவு செய்த 22 கேசட்டுகள் இருக்கின்றன. ‘பழைய பாட்டு’, ‘நாடகக்காரர் பேச்சு’ என்றெல்லாம் அட்டையில் எழுதியிருக்கிறார். பாட்டெல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே, இவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்பிரிட் விஷயத்தில் உங்கள்மேல் கோபம்தான் வருகிறது. அந்தத் தட்டுகள் அரக்கில் செய்தவை. அரக்கு சாராயத்தில் கரையும். மேசைக்குப் பாலிஷ் போடும் ஆசாரி யாரைக் கேட்டாலும் சொல்வார், அவர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறார். உங்கள் பஞ்சில் வந்த கறுப்பு அழுக்கு மட்டுமல்ல தம்பி, அது தட்டேதான். அதிலே யாருடைய குரலோ இருந்தது. இனிமேல் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், போதும். பின்னால் வந்த எல்பி ரெக்கார்டுக்கான ஊசியை இவற்றின்மேல் வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்தத் தட்டின் பள்ளம் அகலம், 78க்கென்று இருக்கும் ஊசி கிட்டத்தட்ட மூன்று மடங்கு பருமன்.

விலையை என்னிடம் கேட்காதீர்கள். வாங்குகிறவர்கள் சொல்வார்கள்.

யூடியூபில் இருக்கிறது என்கிறீர்கள். இரண்டு வாரமாக நான் கிட்டப்பாவின் பாட்டுகளை அங்கேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உங்கள் கடிதம் என்னை இப்படித் தைத்தது. ஒரே பாட்டு மூன்று பதிவில் மூன்று சுருதியில் இருக்கிறது. 78 சுற்று ஓடவேண்டிய தட்டை 82, 83 சுற்றில் ஓட்டினால் அரைக் கட்டை ஏறிவிடும். அதை வைத்துக்கொண்டு அவர் எத்தனை கட்டையில் பாடினார் என்று கீழே சண்டை வேறு. இன்னொருவர் இரைச்சலை நீக்குகிறேன் என்று சகர ஷகரமெல்லாம் மழுங்கும்படி வழித்திருக்கிறார். மூச்சு வாங்கும் சத்தம்கூட இல்லை. மூச்சில்லாமல் ஒரு மனிதன் எப்படிப் பாடுவான்?

ஆனாலும் தட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. உங்களிடம் இருப்பது உடைந்தாலும் அதே தட்டு வேறொரு வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். கேசட் அப்படியல்ல. தாத்தா அன்றைக்கு அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினார், அந்த ஒரு நாடாதான். ஒலிநாடா விலை அதிகம் என்பதால் ஒன்றை அழித்து அதிலேயே இன்னொன்றைப் பதிவது உலகெங்கும் வானொலி நிலையங்களில் இருந்த வழக்கம். ஒலிபரப்பிய இடத்திலேயே இல்லாத ஒன்று உங்கள் வீட்டில் இருக்கலாம் என்பது உங்களுக்கு உறைக்கவில்லையா?

கிட்டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933 டிசம்பரில் 27 வயதில் போய்விட்டார். சுந்தராம்பாளை 1935இல் நந்தனாராகத் திரையில் பார்த்தார்கள், பாகவதர் 1934இலேயே சினிமாவுக்கு வந்துவிட்டார். கிட்டப்பா எந்தப் படத்திலும் இல்லை. நமக்கு அவர் மிச்சமிருப்பது இந்த அரக்குத் தட்டில் மட்டும்தான். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். மேடையில் ஒன்ஸ்மோர் கேட்கக் கேட்க விரிந்துகொண்டே போன பாட்டை, ஊசி உள்வட்டத்துக்கு வந்து சேருவதற்குள் முடித்தாக வேண்டும். அடக்கி, அவசரமாகப் பாடியதைத்தான் நாம் கேட்டு இப்படி உருகுகிறோம். அடங்காமல் போனதெல்லாம் எங்கே இருந்தது? நேரில் கேட்டவர்கள் காதில் இருந்தது. அவர்களில் சிலர் வயதான காலத்தில் வானொலியில் வந்து பேசினார்கள்.

என் மாமாவிடம் அப்படி ஒரு கேசட் இருந்தது. நாடகக் கம்பெனிகளில் ஆர்மோனியம் வாசித்த ஒரு பெரியவரின் பேச்சு. ‘பிளேட்டில் இந்த இடத்தில் விட்டுவிடுவார், மேடையில் விடமாட்டார், இதோ இப்படிப் போவார்’ என்று சொல்லி, நடுங்குகிற குரலில் பாடிக் காட்டினார். மாமா அதைக் கேட்கும்போது யாரும் பக்கத்தில் போய்ப் பேசக் கூடாது. எனக்கு அப்போது பதினான்கு வயது. ஒருநாள் ரேடியோவில் எனக்குப் பிடித்த சினிமாப் பாட்டு வரப்போகிறது என்று அறிவித்தார்கள். கைக்கு எட்டிய கேசட்டைப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

மாமா திட்டவில்லை. கேசட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டு, அந்தச் சினிமாப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்து கேட்டார். பாட்டு முடிந்த இடத்தில் பெரியவரின் ‘இதோ இப்படி’ என்ற இரண்டு வார்த்தையும் கொஞ்சம் ஆர்மோனியமும் மீதியிருந்தன. அதையும் கேட்டுவிட்டு எழுந்து போனார். அந்த ஆர்மோனியத்துக்கு மேல் என்ன பாடினார் என்று எனக்கு நினைவில்லை. எத்தனையோ முறை அந்த அறையில் இருந்து கேட்டவள்தான் நான், ஒரு வரிகூட வரவில்லை. நான் அழித்த அந்தச் சினிமாப் பாட்டோ இன்றைக்கும் எங்கும் கிடைக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. எடுத்தவுடன் வேகமாக ஓட்டிப் பார்க்காதீர்கள், பல வருஷம் சும்மா கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், அறுந்துவிடும். 90 நிமிட நாடாவே மெல்லியது, 120 அதைவிட மோசம். நல்ல டெக் ஒன்றில் முதலில் ‘பழைய பாட்டு’ கேசட் எதையாவது போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எதையும் நீக்காமல் முழுதாக ஏற்றுங்கள், அறிவிப்பாளர் பேச்சு, இடையில் வரும் கரகரப்பு எல்லாவற்றோடும். தாத்தா எழுதிய அட்டையைப் படம் எடுத்துக் கூடவே வையுங்கள். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அது யார் பேச்சு என்று நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. என் மாமா அதை உடைத்திருக்கவில்லை. உங்கள் தாத்தா உடைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘நாடகக்காரர் பேச்சு’ என்று எழுதியிருக்கிற அந்தக் கேசட்டை எடுத்து, இன்று இரவே உடையுங்கள்.