ஆண்டவர் அழைத்தால் எப்படித் தெரியும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அழைப்பைப் பற்றியவைதான். ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சபையில் சாட்சி சொல்கிறவர்கள் இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்கிறார்கள். சிலர் தரிசனம் கண்டதாகவும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே இயேசுவை நம்புகிறேன். நானும் அழைக்கப்பட்டவள்தானா? (வாசகி, சாயர்புரம்)

பதில்: அழைக்கப்பட்டவர்தான், சந்தேகமே வேண்டாம். தமஸ்கு வழியில் இயேசு சந்தித்தபோது பவுல் கண்ட ஒளியை வைத்து எல்லாரையும் அளப்பது நம் சபைகளில் பழகிப்போய்விட்டது. அதே பவுல் தம் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தைத்தான் நினைவுபடுத்துகிறார். பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில் லீதியாள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள், கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

நம் பக்கத்துச் சாட்சியையே பாருங்கள். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, வீட்டில் அடுத்தடுத்து இழப்பு வந்து மனம் உடைந்திருந்தார். குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு அந்நாட்டுப் படைக்கே தளபதியான டிலனாய், எல்லாம் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார். ஒளியும் இல்லை, குரலும் இல்லை. கூட வேலை பார்த்த ஒருவர் உட்கார்ந்து பேசினார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை அந்த விசுவாசம் அசையவில்லை.

கேள்வி: மூன்று வயதில் நான் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் ஊழியத்துக்குத் தருகிறேன் என்று அம்மா பொருத்தனை செய்தார்களாம். இப்போது நர்சிங் கடைசி வருடம். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அம்மா வேதாகமக் கல்லூரிக்குப் போகச் சொல்கிறார்கள். மறுத்தால் தேவனுக்கு விரோதமாகுமா? (வாசகி, நாசரேத்)

பதில்: மகளே, அம்மாவின் பொருத்தனையை லேசாக நினைக்காதே. அது அழுகையில் பிறந்த ஜெபம். ஆனால் பொருத்தனை என்றதும் எல்லாரும், பிள்ளை பிறந்தால் கர்த்தருக்கே தருவேன் என்ற சாமுவேலின் தாய் அன்னாளைச் சொல்வார்கள், அடுத்து என்ன நடந்தது என்பதை விட்டுவிடுவார்கள். சாமுவேல் பால் மறந்த வயதிலிருந்தே சீலோவில், கர்த்தருடைய ஆலயத்தில் இருந்தான். ஆசாரியர் அணியும் சணல்நூல் ஏபோத்து கட்டியிருந்தான். வருஷத்துக்கு ஒரு முறை அம்மா சின்னச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டு வருவாள். இத்தனைக்குப் பிறகும் அவன் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்று 1 சாமுவேல் 3:7 சொல்கிறது. அன்னாளின் பொருத்தனை அவனை ஆலயம்வரை கொண்டுவந்தது. அழைப்பு அதற்குப் பிறகு, அம்மா பக்கத்தில் இல்லாத ஒரு இரவில், அவன் பெயரைச் சொல்லி வந்தது. தாய் செய்த பொருத்தனையே பிள்ளைக்கு அழைப்பாகிவிடாது. தேவன் தாமே அழைக்க வேண்டும்.

அந்த இரவில் எனக்கு மிகவும் பிடித்தது, சாமுவேலுக்குக் குரல் புரியவில்லை என்பதுதான். மூன்று முறை ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான். கண் மங்கிய, சொந்தப் பிள்ளைகளையே அடக்க முடியாத அந்தக் கிழவர்தான், "சொல்லும் கர்த்தாவே, அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறார். தேவன் பேசினாலும், அது தேவன்தான் என்று அடையாளம் காட்ட இன்னொரு மனிதர் வேண்டியிருந்தது. தமஸ்குவில் பவுலுக்கும், அவரைத் தேடி வந்த அனனியா என்ற சீஷர் வேண்டியிருந்ததே.

ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைத்துப் பார். மிஷனெரி குடும்பத்தில் பிறந்தும் அந்த வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். 1890இல் நோயுற்ற தாயைக் கவனிக்க வந்து திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். மூவருடைய மனைவிக்கும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். குடும்பம் எதிர்பார்த்தும் அசையாத மனம் அந்த மரணங்களில் அசைந்தது. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அப்படித்தான் பிறந்தது.

நர்சிங்கும் ஊழியம்தான், வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை. படிப்பை முடி. அப்புறம் அம்மாவையும் உங்கள் ஆயரையும் உட்காரவைத்துப் பேசு. "ஆண்டவரே, நீரே இவளை அழையும்" என்று மட்டும் ஜெபிக்கும்படி அம்மாவிடம் கேள்.

கேள்வி: உபவாசக் கூட்டத்தில் ஒரு ஊழியர், "இவர்தான் உன் கணவர் என்று கர்த்தர் காட்டினார்" என்று ஒருவரைக் குறிப்பிட்டார். எனக்கு விருப்பமில்லை. வீட்டில் பயப்படுகிறார்கள். (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: பயப்படத் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். 1 இராஜாக்கள் 13ஐ வீட்டில் எல்லாருமாக வாசியுங்கள். பெத்தேலில் அப்பம் புசிக்காதே என்று தேவனிடம் நேரடியாகக் கேட்டு வந்த ஒருவரை, தூதன் சொன்னதாகப் பொய் சொல்லி ஒரு கிழத் தீர்க்கதரிசி விருந்துக்கு அழைக்கிறார். நம்பிப் போனவரை வழியில் ஒரு சிங்கம் கொன்றுபோடுகிறது. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்ற பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்கிறார். சோதிக்க விடாமல் அவசரப்படுத்துகிற, சாபம் வரும் என்று மிரட்டுகிற எந்தக் குரலும் இயேசுவின் குரல் இல்லை.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கான வசனமாக எரேமியா 29:11 அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எனக்கு வந்தது. வருடக் கடைசியில் வேலையே போய்விட்டது. கர்த்தர் என்னோடு பேசவில்லையா? (வாசகர், ஆவடி)

பதில்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனத்துக்கு முந்தைய வசனத்தையும் பாருங்கள். எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று அவர்களிடம் சொன்னவர்கள் பொய்த் தீர்க்கதரிசிகள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றார் எரேமியா. அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள், வேலை போன ஒருவருக்கு அதில் நிறைய இருக்கிறது. வேலை போனதைச் சபையில் மறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: நான் மட்டும்தான் கிறிஸ்தவள். அப்பா தினமும் காலையில் சூரியனைப் பார்த்துக் கைகூப்புவார். கடவுள் அவருக்குத் தம்மைக் காட்டவே இல்லையா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: காட்டியிருக்கிறார். வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகின்றன என்கிறது 19ஆம் சங்கீதம். லீஸ்திராவில் பவுல், மழையும் விளைச்சலும்கூடத் தேவன் தந்த சாட்சி என்றார். படைப்பின் வழியாக எவ்வளவு அறிய முடியும் என்பதில் இறையியலாளர்களுக்குள் பெரிய சண்டையே உண்டு. படைப்பிலிருந்தும் தேவனை ஓரளவு அறியலாம் என்ற எமில் புருன்னருக்கு 1934இல் மறுப்பு எழுதிய இறையியலாளர் கார்ல் பார்த், தலைப்பையே 'இல்லை!' என்று வைத்தார். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் இனத்தையும் மண்ணையும் கடவுளின் வெளிப்பாடு என்று சிலர் பேசிக்கொண்டிருந்த நேரம் அது, அதனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் பவுலின் பக்கம். சூரியன் தேவனுடைய கைவேலையைச் சொல்லும், சிலுவையைச் சொல்லாது. ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவிடம் வந்த தூதன்கூட, இயேசுவைப் பற்றித் தானே சொல்லாமல், யோப்பாவிலிருந்து பேதுருவை வரவழை என்றுதான் சொன்னான். அப்பாவோடு வாதம் செய்யாதீர்கள். அவர் கேட்கிற நாளில், இயேசு உங்களுக்கு யார் என்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: முன்பு ஜெபத்தில் கண்ணீர் வரும். இப்போது ஒன்றுமே இல்லை. அழைப்பை இழந்துவிட்டேனா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் ஏழைகளுக்காக அழைக்கப்பட்டார். பிறகு பல பத்தாண்டுகள் அவருடைய ஜெபம் இருளாகவே இருந்தது என்பதை 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின. அழைத்த வேலையை அவர் விடவில்லை. 88ஆம் சங்கீதத்தை ஜெபமாக வாசியுங்கள், அது இருளிலேயே முடிகிற சங்கீதம். நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். தூக்கமும் பசியும் சேர்ந்தே போயிருந்தால் மருத்துவரையும் பாருங்கள், அது அவிசுவாசம் இல்லை.